பத்துக் கிலோவுக்குக் கீழே

வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம்
நான் வேலை பார்க்கும் எடைமேடை.
அறுபது டன் வரை தாங்கும்.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதுவும்
அதன் கணக்கில் வராது.

இரவு ஷிஃப்ட் எனக்கு.
தேங்காய், எம்சாண்ட், கோழித்தீவனம்,
ஓணத்துக்கு முந்தின வாரம் செவ்வந்தி.
ஹாரன் கேட்டால் எழுந்து போய்
கண்ணாடியைத் தள்ள வேண்டும்.
ஒரு வாக்கியத்தின் எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே
மூன்று லாரி ஏறி இறங்கியிருக்கிறது.
திரும்பி வந்து பார்த்தால்
ஜன்னலோரம் நிற்கவைத்துவிட்டுப் போன பெண்
நான் சொல்லாமலே உட்கார்ந்திருப்பாள்.

எழுதியதெல்லாம் பாழாய்ப்போன ரசீதுகளின் முதுகில்.
அவள் புருஷன் வீட்டைவிட்டு இறங்கும் பக்கத்தைத் திருப்பினால்
பாலக்காட்டு வண்டி, புண்ணாக்கு,
பதினாறு டன் நானூறு.

ஆறு வருஷம்.
அதில் மூன்றாவது வருஷம் ஒரு வரிகூட இல்லை.
அதை விடுங்கள்.

முடித்த அன்று விடிகாலை மேடை காலியாக இருந்தது.
கட்டைத் துணிப்பையோடு நடுவில் வைத்துவிட்டு
ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
தெரிந்துதான் வைத்தேன்.
என்றாலும் கொஞ்ச நேரம் நின்றேன்,
எண் ஏதாவது அசையுமா என்று.

கோவைக்காரர்கள் பதிலே போடவில்லை.
மதுரையிலிருந்து ஓர் அஞ்சலட்டை:
நடை நன்று, தாள் விலைதான் ஏறிக் கிடக்கிறது.
சென்னையில் ஒருவர் ஐம்பதாயிரம் கேட்டார்.
அத்தனை பணம் கையில் இருந்திருந்தால்
அந்தப் பெண்ணை அந்த வீட்டிலிருந்து
நாலு அத்தியாயம் முன்னாடியே கூட்டி வந்திருப்பேன்.

பிறகு திண்டுக்கல்லிலிருந்து ரெஜினா பேசினாள்,
ராத்திரி பதினொன்றரைக்கு,
சிமெண்ட் லோடு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது.
"உங்க நாவல் நாற்பத்தோராம் பக்கத்துலதாங்க தொடங்குது."
வைத்துவிட்டேன்.
ஒரு வாரம் அவளை மனசுக்குள் திட்டினேன்.
அந்த நாற்பதுக்கு எத்தனை ராத்திரி போயிருக்கும்,
அவளுக்கென்ன தெரியும்?
எட்டாம் நாள் ஒரு டிரைவர் சண்டைக்கு வந்தான்,
காலி வண்டி எடையையும் சேர்த்தே போட்டுக் கொடு என்று.
முடியாது என்று கத்தினேன்.
கத்திக்கொண்டிருக்கும்போதே
வாய் தானாக நின்றுவிட்டது.

அச்சடித்த கட்டு வழிதவறிக்
கொழிஞ்சாம்பாறைக் கிளைக்குப் போய்விட்டது.
கொப்பரை ஏற்றி வந்த பைஜுவின் வண்டியில்
ஓரமாய்ப் போட்டுக் கொண்டுவந்தேன்.
செக்போஸ்ட்டில் டார்ச் அடித்தார்கள்.
"எந்தா இது?"
"புஸ்தகம்."
"எத்தர?"
"முந்நூறு."
"எல்லாம் வேற வேறயா?"
"இல்ல, ஒண்ணேதான்."
ஒரே புஸ்தகத்தை முந்நூறு வாங்கி
இவள் என்ன செய்யப் போகிறாள் என்று
அவருக்குக் கவலையாய்ப் போய்விட்டது.
எனக்கும்தான்.

அட்டையில் என் பேர் மா. சுலோசனா.
ஒரு ச் எங்கோ இறங்கிக்கொண்டது.
சின்னப் பிழைதானே, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றாள் ரெஜினா.
அடுத்த பதிப்பாம்.
சிரித்துவிட்டேன்.

பைஜுவிடம் சொல்லிக்
கட்டுகளை மட்டும் மேடையில் இறக்கினேன்.
தொண்ணூறு.
சிவப்பில், ஆடாமல், தொண்ணூறு.

"ஒண்ணு எனிக்கு?" என்றான் பைஜு.
"உனக்குத் தமிழ் வாசிக்க வராதே."
"பாரியாளுக்கு வரும். அவள் சித்தூர்க்காரி."
கயிற்றைத் தளர்த்தி
நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தேன்.
பேர் கேட்டு அவளுக்கென்று கையெழுத்துப் போட்டேன்,
என் பேரில் அந்த ச்-சையும் சேர்த்து.

திரையில் இப்போதும் தொண்ணூறுதான்.
பின்னால் மணல் லாரி ஹாரன் அடிக்கிறது.